தடுப்புக்கு அந்தப் பக்கம்

முந்தின நாள் சாயங்காலம் தடுப்பை ஏழாவது கம்பியில் மாட்டியது மார்னிக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் அது ஐந்தாவது கம்பியில் இருந்தது.

அக்டோபர் கடைசி. மணி ஏழேமுக்கால் ஆகியும் சமையலறை ஜன்னலில் இருட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் ஹீட்டர் ஒரு பெருமூச்சோடு எரியத் தொடங்க, தரையில் பதித்த இரும்புச் சல்லடை வழியாக ஏறி வந்த சூட்டில் தூசி கருகும் வாசனையும் நாய்க்குட்டியின் பாதங்களிலிருந்து வரும் பொரித்த சோள வாசனையும் கலந்திருந்தன. கூண்டின் முன்பாதியில் மூஸ் தன்னைச் சுருட்டிக்கொண்டு, மூக்கைக் கதவுக் கம்பிகளுக்கு இடையே செருகி, வெளிக்காற்றை மட்டும் மூச்சாக இழுத்தபடி கிடந்தது. அவள் மண்டியிட்டு, கதவிலிருந்து மறுபடி எண்ணினாள். ஐந்து. தடுப்பு என்பது கூண்டைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் ஒரு கம்பிச் சட்டம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு கொக்கிகள். ஒவ்வொன்றையும் விரலால் நெம்பித்தான் கழற்ற முடியும். நான்கும் ஐந்தாவது கம்பியில் ஒழுங்காக மாட்டியிருந்தன.

நான்தான் தப்பாக மாட்டியிருப்பேன் என்று நினைத்தாள். அந்த நாட்களில் அவள் சாவியை ஃப்ரிட்ஜிலும் பாலை அலமாரியிலும் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அடுப்பில் வெறும் சட்டியை வைத்துவிட்டு, அது சிவக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு கம்பி எம்மாத்திரம்.

கொக்கிகளைக் கழற்றி ஏழாவது கம்பிக்கே தள்ளி வைத்தாள். மூஸ் வெளியே வந்து, பின்னங்கால்களை ஒவ்வொன்றாக நீட்டிச் சோம்பல் முறித்து, அவளைப் பார்க்காமல் கதவை நோக்கி ஓடியது.

நாய்க்குட்டியைக் கொண்டுவந்தது அவள் கணவன் டேரில்தான். வடக்கே சுரங்கத்தில் வேலை. விமானத்தில் கூட்டிப்போய் இரண்டு வாரம் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். செப்டம்பரில் ஒரு நாள் ட்ரக்கிலிருந்து இறங்கும்போது அவன் கோட்டுக்குள் ஏதோ நெளிந்தது. யாரோ ஒரு பண்ணைக்காரரின் காவல் நாய் போட்ட குட்டி. அப்பன் யாரென்று தெரியாது. எட்டு வாரக் குட்டிக்குப் பாதங்கள் மட்டும் சாஸர் அளவு இருந்தன. அதைப் பார்த்துத்தான், அந்தப் பக்கத்துக் காடுகளில் திரியும் ராட்சச மானின் பெயரை, மூஸ் என்று வைத்தான். ஏன் வாங்கினாய் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கோடையில் அவள் எதையும் கேட்கவில்லை.

ஜூன் மாதம், முப்பத்தெட்டாவது வாரத்தில், அவள் வயிற்றுக்குள் இருந்தது அசைவதை நிறுத்தியிருந்தது. பெண். மருத்துவமனையில் ஒரு தாதி மையில் ஒற்றியெடுத்த இரண்டு பாதங்களோடு ஒரு அட்டை கொடுத்தாள். அதில் எடையும் நீளமும் எழுதியிருந்தன. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பால் சுரந்தது. அப்படி நடக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பால்கட்டு தணிய முட்டைக்கோஸ் இலைகளை மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டு, அது வற்றும் வரை சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அறைகளுக்கு இடையே ஓடும் ஹாலின் கோடியில், குழந்தைக்கென்று வைத்திருந்த சின்ன அறையின் கதவை டேரில் சாத்தினான். அதற்குப் பிறகு எதுவும் வலிக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடையதோ போல் இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

கூண்டு வாங்கப் பெரிய ஊருக்கு இருவருமாகத்தான் போனார்கள். கடைக்காரர் ரெனே பருத்த மனிதர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"கூண்டு விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு ரெண்டுதாங்க. குட்டி சின்னதா இருக்கேன்னு சின்னக் கூண்டு வாங்குவாங்க, மூணே மாசத்துல திரும்ப எங்கிட்டதான் வருவாங்க. இல்லேன்னா மனசு தாங்காம பெருசா வாங்கிடுவாங்க. பெருசா இருந்தா இந்த மூலையில படுக்கும், அந்த மூலையில ஒண்ணுக்குப் போகும். ரெண்டு ரூம் வச்ச வீடு மாதிரி வாழ ஆரம்பிச்சிடும்."

"அப்ப எந்த சைஸ்தான் வாங்குறது?" என்றான் டேரில்.

"மூக்கு நுனியிலேருந்து வால் மொளைக்கிற எடம் வரைக்கும் அளந்து நாலு அங்குலம் கூட்டிக்கங்க. தலை இடிக்காம நிக்கணும், இடிச்சுக்காம திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். இவன் பாதத்தைப் பாத்தா கழுதை மாதிரி வருவான்போல. நாப்பத்திரண்டு அங்குலத்துல தடுப்பு வச்சது எடுத்துக்கங்க. வளர வளர தடுப்பைப் பின்னால தள்ளிட்டே போகலாம்."

"தடுப்புக்கு அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் சும்மாதான் கெடக்கும், தம்பி. காத்து வாங்கும்."

ரெனே தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். டேரில் சிரிக்கவில்லை. வரிசையாக நின்ற கூண்டுகளைச் சுற்றி வந்து, பின்பாதிக்கும் பக்கவாட்டில் தனிக் கதவு வைத்த ஒன்றைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றான்.

நவம்பரில் பனி விழுந்து, இனி ஏப்ரல் வரை போகமாட்டேன் என்று படிந்துவிட்டது. மார்னி தானியக் கிடங்கின் எடைமேடையில் சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு வாரம் மூன்று நாள் திரும்பிப் போனாள். நாலரை மணிக்கு வீடு திரும்பும்போது வயல்களின் மேல் வெளிச்சம் ஊதா நிறத்தில் அணைந்துகொண்டிருக்கும். கூண்டு வரவேற்பறையில், சோபாவுக்குப் பக்கத்தில் இருந்தது. கூண்டு குகைபோல் இருந்தால் நாய்கள் நன்றாகத் தூங்கும் என்று ரெனே சொன்னதால் அதன் மேல் ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடியிருந்தாள். அடித்தட்டு கடகடக்காமல் இருக்கப் பின்பாதியில் ஒரு கம்பளியை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

ஒரு காலை அந்தக் கம்பளி விரிந்து கிடந்தது. நடுவில் ஒரு குழி. ஒரு ரொட்டி அளவு. நாய்கள் படுக்குமுன் சுற்றிச் சுற்றி மிதித்து இப்படித்தான் குழி செய்யும். ஆனால் மூஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதன் வெள்ளை முடி அவள் கால்சட்டையில், காப்பிக் கோப்பையில், வெண்ணெயில்கூட இருந்தது. அந்தக் குழியில் ஒன்றுகூட இல்லை. கையை வைத்துப் பார்த்தாள். ஈரம். விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த பால்.

கம்பளியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி நாலாக மடித்து வைத்தாள். மறுநாள் குழி இருந்தது. அடுத்த வாரம் குழி நீளமாகியிருந்தது. தடுப்பு ஒவ்வொரு காலையும் மூஸின் பக்கமாக ஒரு கம்பி, இரண்டு கம்பி நகர்ந்து நின்றது. மாலையில் அவள் பின்னால் தள்ளுவாள். காலையில் முன்னால் இருக்கும். மூஸ் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது; ஆனால் அதற்குக் கிடைத்த இடம் குட்டியாக இருந்தபோது கிடைத்ததைவிடக் குறைவு. கதவைத் திறந்ததும் எழுந்து நிற்கும். அதன் விலாவில் கம்பிகளின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருக்கும்.

சுரங்கத்திலிருந்து டேரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுவான்.

"மூஸ் எப்படி இருக்கான்?"

"வளர்றான்."

"சாப்புடுறானா?"

"ம்."

"கூண்டு பத்துதா?"

"அவனுக்கா?" என்றாள். ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுமுனையில் யாரோ சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"வேற யாருக்கு?" என்றான் டேரில்.

தடுப்பைப் பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். வெட்டினால்தான் கழலும் பட்டைகள். காலையில் எட்டுப் பட்டைகளும் வெட்டுப்படாமல், அறுபடாமல், வளையமாகவே, கம்பளியின் ஓரத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

நவம்பர் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையிலிருந்து வந்த கையோடு, டேரிலின் கருவிப் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அழுத்தினால் நிற்கும், விட்டால் சுருண்டு உள்ளே ஓடும் இரும்பு நாடா. முதலில் மூஸை நிற்கவைத்து அளந்தாள். மூக்கிலிருந்து வால் வரை இருபத்தேழு. நான்கு கூட்டினால் முப்பத்தொன்று. அப்படியானால் கூண்டின் நாற்பத்திரண்டில் பின்னால் பதினொன்றுதான் மிச்சம் இருக்க வேண்டும். மூஸ் அளக்கப்பட்டதும் சமையலறைக்குப் போய்த் தன் தட்டருகே நின்றுகொண்டது. அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, விரிப்பை விலக்காமல், நாடாவைக் கம்பளியின் மேல், பின்முனையிலிருந்து முன்னோக்கி, உள்ளே விட்டாள். அந்த முனையில் தடுப்புக் கம்பியில் 'டிக்' என்று இடிக்க வேண்டும்.

இடிக்கவில்லை. மெத்தென்று எதிலோ பட்டு நின்றது.

பிறகு நாடா விறைத்தது. யாரும் வெடுக்கென்று இழுக்கவில்லை. துணி அளக்கும்போது எதிரில் இருப்பவர் முனையைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. தொய்வில்லாமல், பொறுமையாக. ஹீட்டர் நின்றிருந்தது. வெளியே சாலையில் ஒரு லாரி போய், அதன் சத்தம் வயல்களுக்குள் கரைந்து முடியும் வரை, மார்னி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மறுமுனை பிடிக்கப்பட்டிருந்தது.

குனிந்து எண்ணைப் படித்தாள்.

"இருபத்தஞ்சு," என்றாள் சத்தமாக.

மறுமுனை விட்டது. நாடா சீறிக்கொண்டு ஓடி வந்து அவள் கட்டைவிரலைக் கிழித்தது. இரத்தம் வந்தது. வலிக்கவில்லை.

பேட்டரிகளும் திருகாணிகளும் போட்டு வைக்கும் இழுப்பறையின் அடியிலிருந்து அந்த மருத்துவமனை அட்டையை எடுத்துப் பார்த்தாள். பத்தொன்பதரை அங்குலம். அதோடு கொடுத்த சிறு புத்தகமும் அங்கேதான் இருந்தது. எந்த மாதத்தில் எவ்வளவு வளர வேண்டும் என்ற கட்டங்களோடு. ஐந்தாம் மாதத்துக்கு நேராக விரலை வைத்தாள். இருபத்தைந்து. இரண்டையும் திரும்ப உள்ளே வைத்து, மேலே பேட்டரிகளைப் பரப்பி, இழுப்பறையைச் சாத்தினாள். கட்டைவிரலுக்கு ஒரு கட்டுப் போட்டாள். மூஸுக்குச் சாப்பாடு வைத்தாள். எட்டு மணிக்குக் கூண்டுக் கதவைத் திறந்து பிடித்தபோது மூஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் விரலால் உள்ளே காட்டினாள். அது உள்ளே போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அளந்தாள். அதற்கடுத்த செவ்வாயும். இருபத்தெட்டு. முப்பத்தொன்று. புத்தகத்தின் கட்டங்களைத் தாண்டியாயிற்று. அது இப்போது மூஸின் வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. நாடா உள்ளே போவதற்குள் அந்தப் பக்கம் கை தயாராகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு டேரில் வீட்டுக்கு வந்தான். முதுகு வலிக்கிறது, மெத்தை ஆகாது என்று சோபாவில், கூண்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் நினைத்தாள். உருளைக்கிழங்கைப் பிசையும்போது சொல்லலாம். பனி வாரிக் கொட்டிவிட்டு வந்ததும் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அடுத்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் இருட்டும் நேரத்தில் அவன் ஒரு நாற்காலியைக் கூண்டுக்கு எதிரே போட்டு, ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பண்ற?"

"மூஸைப் பாத்துட்டு இருக்கேன்."

மூஸ் வெளியே முற்றத்தில் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். விளக்கைப் போட்டாள்.

ஜனவரியில் மூஸ் சாப்பிடுவதை நிறுத்தியது. குரைப்பதை எப்போது நிறுத்தியது என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு காலை அதன் இடது காது நுனி ஈரமாக, முடி உதிர்ந்து, நீண்ட நேரம் தண்ணீரில் இருந்த விரல்போல் சுருங்கி வெளுத்திருந்தது. கடித்த தடம் இல்லை. புளித்த பால் வாசனை அடித்தது. சப்பியிருக்கிறது. கம்பிகளுக்கு இடையில் காதை இழுத்து, ராத்திரி முழுக்க.

அன்று அவளுக்குள் ஏதோ ஒன்று, வெகு தொலைவில், சுவருக்கு அப்பால் யாரோ கத்துவதுபோலக் கத்தியது. சொற்கள் கேட்கவில்லை. ஆனால் கால்கள் அதற்குக் கீழ்ப்படிந்தன. கூண்டை விரிப்போடு சேர்த்து இழுத்துப் பின்வாசல் வழியாகப் பனிக்குள் தள்ளினாள். குளிர் மைனஸ் முப்பத்திரண்டு. மூக்குக்குள் மூச்சு உறைந்து பொருபொருத்தது.

பக்கத்து வீட்டுக் காலீன் வண்டியைச் சூடாக்க வெளியே வந்தவள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கூண்டைத் தூக்கி வெளிய போட்டுட்ட? அவன் கட்டில்ல ஏறிட்டானா?"

"ஆமா."

"ஏறுனா எறங்க மாட்டானுங்க. எங்காளு ஏறி முப்பது வருஷம் ஆச்சு." சிரித்து இருமினாள். "எத்தன மாசம் ஆச்சு இவனுக்கு?"

"ஆறு."

"நாய்க்கு மொத வருஷம்னா நமக்குப் பதினஞ்சு வருஷம் மாதிரி. பாத்துட்டே இரு, கோடைக்குள்ள முழு ஆளா நிப்பான். ஏன்டி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? சாப்புடறியா இல்லையா?"

"சாப்புடறேன்."

"சூப்பு இருக்கு, கொண்டாரட்டா?"

"வேணாம், காலீன்."

வீட்டுக்குள் வந்தாள். கதவைச் சாத்தினாள். கூண்டு இருந்த இடத்தில் தரைவிரிப்பு செவ்வகமாக அமுங்கியிருந்தது. மூஸைக் காணோம். கூப்பிட்டுக்கொண்டே தேடினாள், கடைசியில் துணி உலர்த்தும் எந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில், ஒரு பூனைகூட நுழையத் தயங்கும் சந்தில், அது தன் பெரிய உடம்பைத் திணித்துக்கொண்டு நின்றது. கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அவள் கையை நீட்டினாள். அது அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால், தரையோடு ஒட்டிய ஏதோ ஓர் இடத்தைப் பார்த்தது.

அப்போது புரிந்தது. கூண்டைத்தான் வெளியே போட்டிருக்கிறாள்.

ஜனவரியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கே படுத்துவிடுவது அவள் வழக்கமாகியிருந்தது. அன்றும் போய்ப் படுத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஜன்னலில் பனியின் நீல வெளிச்சம், ஹீட்டரின் உறுமல், குழாய்கள் குளிரில் சுருங்கும் டக், டக். அந்தச் சத்தங்களுக்கு நடுவே இன்னொன்று ஹாலின் கோடியில், அந்தச் சாத்திய அறைக்கு முன்னால் தொடங்கியது. ஈரமான உள்ளங்கை தரையில் பதிந்து எடுபடும் சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு முழங்காலின் உராய்வு. அவசரமில்லை. குளியலறை வரை வந்தது. நின்றது. சல்லடையின் மேல் ஏறியபோது இரும்பு கிறீச்சிட்டது. அதற்கு எடை இருந்தது.

வாசலுக்கு வந்தது.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

உள்ளங்கை. உள்ளங்கை. முழங்கால்.

மெத்தையின் கால்மாடு தாழ்ந்தது. போர்வை அங்கே இறுகியது. மூச்சுச் சத்தம் இல்லை. வாசனை மட்டும். அவள் சட்டையின் முன்பக்கம் வெதுவெதுப்பாக நனையத் தொடங்கியது. இரண்டு பக்கமும். தொட்டுப் பார்த்தாள். பால், ஏழு மாதம் கழித்து.

அது மேலே நகர்ந்து வந்தது.

எழுந்தாள். அதைப் பார்க்காமல், ஹாலில் நடந்து, காலுறையோடு பனிக்குள் இறங்கிக் கூண்டை இழுத்து வந்தாள். அடித்தட்டில் வெண்பனி பூத்திருந்தது. அதில் போய் எப்படிப் படுக்கும் என்று நினைத்து, முடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்து, தட்டு முழுவதும் கையால் தடவித் தடவிச் சூடேற்றினாள். கம்பளியை மடித்து வைத்தாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, காத்திருந்தாள்.

வந்தது. நுழைந்தது. கம்பளி கலையும் சத்தம். கூரைக் கம்பிகளில் முதுகு உராயும் சத்தம். அவள் கையைப் பின்னால் நீட்டித் தடவிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

ஆனால் அது அடங்கவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்ட ஆரம்பித்தது. மெல்லிய, முடிவில்லாத ரீங்காரம் பற்களுக்குள் இறங்கியது. முன்பாதி காலியாக இருந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

உலர்த்தும் எந்திரத்தை நகர்த்தி மூஸைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுத்து வந்தாள். அது எதிர்க்கவில்லை. உள்ளே போகுமுன் ஒருமுறை அவள் மணிக்கட்டை நக்கியது.

ரீங்காரம் நின்றது.

பிப்ரவரியில் கூண்டின் கூரைக் கம்பிகள் பின்பக்கம் மேல்நோக்கி வளைந்திருந்தன. அளப்பதை நிறுத்தியிருந்தாள், கடைசியாக அளந்தபோது முப்பத்துமூன்று, அதுவும் மடங்கிக் கிடந்த நிலையில். மூஸ் இருந்தது ஒரு சாண் இடத்தில், தோலும் எலும்புமாக. தப்பிக்கவிட்டிருக்கலாம். காலீனிடம் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு மாலையும் அந்த எண்ணம் வரும். வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தட்டிவிட்டுப் போய்விடும்.

அந்த மாதம் ஒரு நாள் டேரில் நாலு மணிக்கு வந்து சேர்ந்தான். ட்ரக்கின் பின்னால் ஒரு நீளமான அட்டைப்பெட்டி. இருவருமாக உள்ளே தூக்கி வந்தார்கள். பெட்டியின் மேல் நாய்க்கூண்டு, 54 அங்குலம் என்று போட்டிருந்தது. கடையில் இருப்பதிலேயே பெரியது.

"மூஸுக்கு இது ரொம்பப் பெருசு," என்றாள்.

"தெரியும்."

"ரெனே சொன்னாரே. பெருசா வாங்கக் கூடாதுன்னு."

டேரில் கையுறைகளைக் கழற்றி ஹீட்டர் சல்லடையின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தான். அவளைப் பார்க்கவில்லை.

"அது குனிஞ்சே கெடக்கு, மார்ன்."

குழாய்களில் டக், டக். அவள் சோபாவின் கையில் உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

"ஜூலை."

"ஜூலைல நாய் இல்லையே."

"இல்ல." பெட்டியின் ஓரத்தைக் கத்தியால் கிழித்தான். "நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்குவ. ஹால்ல கேக்கும். மொதல்ல சும்மா புரண்டுட்டு இருந்துச்சு. அப்புறம் நம்ம ரூம் வரைக்கும் வர ஆரம்பிச்சுது. ஒரு நாள் ஒன் கழுத்துக்கிட்ட..." நிறுத்தினான். "ஏதாவது தொணைக்கு இருந்தா அதோட அடங்கிக் கெடக்கும்னு நெனச்சேன். அதுக்குத்தான் நாய் வாங்கினேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அடிக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. கை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அது போய்விட்டது.

"ஸ்க்ரூடிரைவர் வேணுமா?" என்றாள்.

"வேணாம். மடக்கி நிமித்துற மாதிரிதான் வந்திருக்கு."

புதிய கூண்டை நிமிர்த்தி நிறுத்தித் தடுப்பை மாட்டினார்கள். அவன் ஹாலின் கோடிக்குப் போய், எட்டு மாதமாகச் சாத்தியிருந்த கதவைத் திறந்து, ஒரு மஞ்சள் போர்வையைக் கொண்டுவந்து பின்பாதியில் விரித்தான். இரண்டு கூண்டுகளின் பக்கக் கதவுகளையும் வாயோடு வாய் சேர்த்து வைத்து, மேலே விரிப்பைப் போட்டு மூடிவிட்டு, இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இழுபடும் சத்தம். பழைய தட்டு நெளிந்து, டொக்கென்று நிமிர்ந்தது. புதிய தட்டு நெளிந்தது.

டேரில் கதவைச் சாத்தினான்.

மூஸ் இந்த முறை வரவில்லை. நான்கு கால்களையும் பரப்பி ஊன்றியது. அவன் கழுத்துப்பட்டையை இழுத்தான். அவள் பின்னிடுப்பில் கை வைத்துத் தள்ளினாள். நகங்கள் தரையைக் கீறிக்கொண்டே போயின. கதவு மூடியது. கொக்கி விழுந்தது.

இருவரும் காத்திருந்தார்கள்.

போர்வை சலசலத்தது. உள்ளே அது ஒரு முறை புரண்டது. காலை நீட்டியது, மூட்டுகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. பிறகு கம்பிகளைப் பிடித்தது. கூண்டு முழுக்க ஒரு அதிர்வு.

எழுந்து நின்றது.

மூடியிருந்த விரிப்பு பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. ஒரு கை அளவு. கூரைக் கம்பிகளுக்கு இடையில் முடியா, விரலா, ஏதோ அதை உள்ளிருந்து தூக்கிப் பிடித்திருந்தது.

டேரில் முகத்தை முழங்கால்களுக்குள் புதைத்துக்கொண்டான்.

மார்னி தவழ்ந்து போய் விரிப்பின் மூலையைத் தூக்கினாள்.

மூஸ் தட்டோடு தட்டாக ஒட்டிக் கிடந்தது. அதன் அடியில் மூத்திரம் பரவிக்கொண்டிருந்தது. தடுப்பின் கம்பிகளுக்கு இடையே நான்கு விரல்கள் வெளியே வந்து அதன் கழுத்தின் மேல் கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கையின் விரல்களும் வந்தன. வெளுத்து, நீண்டு, வெயிலே படாத தோலோடு. இரண்டு கைகளும் நாயின் கழுத்தைத் தடவின. எங்கே பிடிப்பது என்று இடம் பார்ப்பதுபோல, பொறுமையாக.

நகங்கள் வளர்ந்து உட்பக்கமாகச் சுருண்டிருந்தன.

குளிப்பாட்டிய பிறகு வெட்ட வேண்டும், அப்போதுதான் மெத்தென்று இருக்கும் என்று மார்னி நினைத்தாள்.